அத்தியாயம் 4: ஈரம் எங்கிருந்து வருகிறது?

கலியாண வீட்டுக்குப் போவதற்கென்று அலுமாரியைத் திறப்பீர்கள். கூறைச் சேலையில் ஒரு மணம். பூச்சி உருண்டையின் மணமல்ல. நெடுநாள் மூடிக் கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அந்த மணம். அலுமாரியைச் சற்று முன்னுக்கு இழுத்துப் பார்த்தால் பின்சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள்.

இங்கிலாந்தில் கவுன்சில் வீட்டிலோ ஹவுசிங் அசோசியேஷன் வீட்டிலோ இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்தக் காட்சி பழகிப்போனது. அதற்குப் பிறகு பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். யாரும் காணுமுன் பிளீச் போட்டுத் துடைத்து, மேலே ஒரு பூச்சுப் பெயின்ற் அடிப்போம். அல்லது கவுன்சிலை ஏசிக்கொண்டு சுவரை அப்படியே விட்டுவிடுவோம். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று இரண்டிலும் யாரும் கேட்பதில்லை.

இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறது. பதில் தெரிந்தால் எது உங்கள் வேலை, எது வீட்டுக்காரரின் வேலை என்பது தானாகப் பிரிந்துவிடும். இங்கே 'வீட்டுக்காரர்' என்றால் கவுன்சில் அல்லது ஹவுசிங் அசோசியேஷன். சட்ட விபரங்கள் இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். ஸ்கொட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் வேறு சட்டங்கள்.

ஊர் அறிவு இங்கே தலைகீழ்

மாரி காலத்தில் யன்னலைச் சாத்து, ஈரம் உள்ளே வரும் என்று அம்மா சொல்லி வளர்ந்தவர்கள் நாம். யாழ்ப்பாணத்தில் அது சரி. மழைநாளில் அங்கே வெளிக்காற்று 27 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கும். ஒரு கன மீற்றர் காற்றில் ஏறக்குறைய 22 கிராம் நீராவி நிற்கும். லண்டனில் சனவரி மாத மழைநாளில் வெளியே 5 பாகை. குளிர்ந்த காற்றால் நீரைச் சுமக்க முடியாது. எவ்வளவு நசநசவென்று தெரிந்தாலும் அதில் இருப்பது சுமார் 6 கிராம்தான். அந்தக் காற்றை உள்ளே விட்டு 20 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதன் 35 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆகவே, மழை பெய்தாலும் பத்து நிமிடம் யன்னலைத் திறந்தால் வீடு காயும், நனையாது.

வீட்டுக்குள் கதை வேறு. நாலு பேர் உள்ள வீட்டில் மூச்சு, சமையல், குளிப்பு, உடுப்புக் காயவைப்பது எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 10 லீற்றருக்குக் கிட்டத் தண்ணீர் காற்றில் கலக்கிறது. ஒரு பெரிய வாளித் தண்ணீர். அது வெளியேறாவிட்டால் வீட்டிலேயே மிகக் குளிர்ந்த இடத்தைத் தேடிப் போய்ப் படியும். ஐஸ் தண்ணீர் விட்ட கிளாஸ் வெளிப்பக்கம் வியர்ப்பது போலத்தான் இதுவும். கிளாஸுக்குப் பதில் யன்னல் கண்ணாடி, வெளிச்சுவரின் மூலை, காற்றுப் புகாத அலுமாரி முதுகு.

சுவர் வியர்த்து ஒழுகவும் வேண்டியதில்லை. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதன் 80 சதவீதத்தில் நாட்கணக்கில் நின்றாலே பூஞ்சணத்துக்குப் போதும். அறை 20 பாகை, ஈரப்பதன் 60 சதவீதம் என்று வையுங்கள். ஆளுக்குச் சௌகரியமான அறைதான். ஆனால் அதே அறையில் ஒரு சுவர் 15 பாகைக்குக் கீழே போனால் அந்த இடத்தில் பூஞ்சணம் முளைக்கும். ஈரம், குளிர்ந்த சுவர், அசையாத காற்று ஆகிய மூன்றும் கூட வேண்டும். ஒன்றைக் குறைத்தாலும் பூஞ்சணம் தளரும்.

இந்த வீடுகளுக்கு ஏன் இந்தக் குணம்?

பழைய வீடுகளில் கரி அடுப்பு எரிந்தது. புகைபோக்கி புகையோடு ஈரக்காற்றையும் இழுத்து வெளியே தள்ளியது. பிறகு புகைபோக்கிகளை அடைத்தார்கள், இரட்டைக் கண்ணாடி யன்னல் போட்டார்கள். குளிர் குறைந்தது, ஈரம் வெளியேறும் வழியும் குறைந்தது.

1960களின் அடுக்குமாடிகளுக்கு வேறொரு கதை. தொழிற்சாலையில் வார்த்த கொங்கிறீற் பலகைகளைக் கொண்டுவந்து அடுக்கி அவசரமாகக் கட்டியவை பல. நம் கடைகள் நிறைந்த ஈஸ்ற் ஹாம் இருக்கும் அதே நியூஹாமில், 1968 மே 16 அன்று ரோனன் பொயின்ற் என்ற 22 மாடிக் கட்டடத்தில் எரிவாயு வெடித்து ஒரு மூலை முழுவதும் சரிந்தது. 4 பேர் இறந்தார்கள். அதன் பிறகு இப்படிக் கட்டிய பல கட்டடங்களில் எரிவாயுவை நிறுத்தி மின்சாரச் சூடாக்கிகளை வைத்தார்கள். மின்சாரம் விலை கூடியது. சூடாக்கக் காசில்லாத வீட்டில், குளிரைத் தடுக்கும் உறையில்லாத கொங்கிறீற் சுவர் எப்போதும் சில்லிட்டே இருந்தது. உங்கள் படுக்கையறை மூலை கறுப்பதற்கு உங்கள் சமையலை விட அந்தக் கொங்கிறீற் காரணமாக இருக்கலாம்.

நாலு வகை ஈரம்

மருந்துக்கு முன் நோயை அறிய வேண்டும். சுவரைப் பார்த்து இவற்றுள் எது என்று பிரியுங்கள்.

1. வியர்வை ஈரம்: காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த இடத்தில் படிவது. குளிர்காலத்தில் வரும், கோடையில் மறையும். கறுப்புப் புள்ளியாகப் பரவும். மூலை, யன்னல் ஓரம், அலுமாரிப் பின்பக்கம் இதன் இடங்கள்.

2. மழை ஈரம்: மழை பெய்து ஒன்றிரண்டு நாளில் பெரிதாகும் திட்டு. ஓரம் மஞ்சளாக, தேநீர்க் கறை போல இருக்கும். கூரை, பீலி, வெடித்த வெளிப்பூச்சு காரணம். இது வீட்டுக்காரரின் வேலை.

3. குழாய் ஈரம்: மழையோ வெயிலோ, நிற்காமல் பெருத்துக்கொண்டே போகும். மேல்வீட்டுக் குளியலறைக்குக் கீழே, குளியல் தொட்டிக்குப் பின்னால், பொயிலருக்குப் பக்கத்தில் தேடுங்கள். பொயிலரின் அழுத்தம் அடிக்கடி இறங்குவதும் ஓர் அடையாளம். இதுவும் வீட்டுக்காரரின் வேலை.

4. நில ஈரம்: தரைமாடியில் மட்டும் வரும். நிலத்திலிருந்து சுமார் ஒரு மீற்றர் உயரம் வரை ஏறி ஒரு கோடாக நிற்கும். வெள்ளை உப்புப் பூக்கும். இதையும் நீங்கள் துடைத்துத் தீர்க்க முடியாது.

சந்தேகமாக இருந்தால் ஒரு சிறு சோதனை. சமையல் அலுமினியத் தாளை ஈரச் சுவரில் வைத்து நாலு ஓரமும் ரேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் அறைப்பக்கம் நனைந்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. சுவர்ப்பக்கம் நனைந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இது தீர்ப்பு அல்ல, துப்பு மட்டுமே. ஆனாலும் அதைப் படம் எடுத்து வையுங்கள், பின்னால் உதவும்.

ஈரப்பதனும் வெப்பநிலையும் காட்டும் சிறு மானி ஒன்றும் வாங்குங்கள், விலை அதிகமில்லை. 40 முதல் 60 வரை நல்லது. எப்போது பார்த்தாலும் 70க்கு மேலே என்றால் வீடு உங்களோடு பேசுகிறது என்று அர்த்தம்.

உங்கள் கையில் உள்ளவை

*ஆவியை அது பிறக்கும் இடத்திலேயே பிடியுங்கள்.* புட்டு, இடியப்பம், இட்டலி அவிக்கும் வீடு நம்முடையது. அதை விடத் தேவையில்லை. குசினிக் கதவைச் சாத்துங்கள், பானையை மூடுங்கள், காற்று இழுக்கும் ஃபானைப் போடுங்கள், சமையல் முடிந்தும் 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஃபான் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு துண்டு ரிஷ்யூத் தாளை அதன் முகத்தில் பிடியுங்கள். தாள் ஒட்டிக்கொண்டு நின்றால் இழுக்கிறது. விழுந்தால் பழுது, அறிவியுங்கள். அடுப்புக்கு மேலிருக்கும் சில ஃபான்கள் காற்றை வடிகட்டித் திரும்ப அறைக்குள்ளேயே விடும். அவை மணத்தைக் குறைக்கும், ஆவியை வெளியேற்றா. அப்படியானால் யன்னலைத் திறப்பதுதான் வழி.

*உடுப்பு.* ரேடியேற்றரில் உடுப்புப் போட்டால் அறையும் சூடாகாது, தண்ணீரும் முழுக்கக் காற்றில் சேரும். ஒரு தடவை தோய்த்த உடுப்பில் இரண்டு லீற்றர் வரை நீர் இருக்கலாம். குளியலறையில் கொடி கட்டி, கதவைச் சாத்தி, ஃபானைப் போட்டுக் காயவிடுங்கள். ஃபானும் யன்னலும் சரியில்லாத வீட்டில் ஈரமுறிஞ்சி இயந்திரம் உதவும். வீட்டுக்கு ஏற்ற சிறியது 200 வாட் அளவில்தான் மின்சாரம் எடுக்கும். 2,000 வாட் ஃபான் ஹீற்றரில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் வீட்டுக்காரர் ஒழுக்கைத் திருத்தாமல் இந்த இயந்திரத்தைத் தந்துவிட்டுப் போனால் அதைத் தீர்வு என்று ஏற்காதீர்கள்.

*காற்றுக்கு வழி விடுங்கள்.* யன்னல் சட்டத்தின் மேலுள்ள சிறு காற்றுத் துவாரங்களைக் குளிருக்குப் பயந்து கடதாசி வைத்து அடைத்திருப்போம். எடுத்துவிடுங்கள். அலுமாரியையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளி வையுங்கள்; முடிந்தால் உட்சுவருக்கு மாற்றுங்கள். கட்டிலுக்குக் கீழே சூட்கேஸ்களை அடுக்கினால் அங்கே காற்று செத்துவிடும். காலையில் யன்னல் கண்ணாடியில் ஓடும் நீரைத் துணியால் ஒற்றி எடுத்து, துணியை வெளியே பிழியுங்கள். ரேடியேற்றரில் காயவைத்தால் அதே நீர் திரும்பி வரும்.

*சூடு.* உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டல், குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை வேண்டும் என்கிறது. கைக்குழந்தை உறங்கும் அறைக்கு 16 முதல் 20 வரை போதும்; குழந்தையை அளவுக்கு மீறிச் சூடாக்குவதும் ஆபத்து. காலை ஒரு மணி நேரம் கொளுத்திவிட்டு நாள் முழுக்க நிறுத்தினால் காற்று சூடாகும், சுவர் சூடாகாது. குறைந்த சூட்டில் நீண்ட நேரம் விடுவது சுவருக்கு நல்லது. ரேடியேற்றர் திருகியை 5இல் வைத்தால் அறை வேகமாகச் சூடாகும் என்பது தவறான எண்ணம். அது எவ்வளவு சூட்டில் நிற்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. ரேடியேற்றரின் மேற்பகுதி குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று சேர்ந்திருக்கிறது. அடிப்பகுதி குளிர்ந்திருந்தால் கசடு; அது வீட்டுக்காரரின் வேலை. இரவில் மலிவு மின்சாரத்தில் சூட்டைச் சேமிக்கும் ஹீற்றர் உள்ளவர்கள், சூட்டை வெளிவிடும் திருகியை இரவில் மூடி வைத்துப் பின்னேரம் திறவுங்கள். பலரும் இரவெல்லாம் திறந்து வைத்து, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வரும் நேரத்தில் குளிரில் இருக்கிறார்கள்.

சிலிண்டர் எரிவாயு ஹீற்றரும் மண்ணெண்ணெய் ஹீற்றரும் வேண்டாம். ஒரு கிலோ சிலிண்டர் வாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் அறைக்குள் வரும். நச்சுவாயு ஆபத்து வேறு.

காசு நெருக்கடி என்றால், மின்சாரப் பில்லில் ஒரு குளிர்காலத்துக்கு 150 பவுண் கழிக்கும் 'வாம் ஹோம் டிஸ்கவுன்ற்' உங்களுக்கு உரியதா என்று மின்சாரக் கம்பனியிடம் கேளுங்கள்.

பூஞ்சணத்தைத் துடைக்கும் முறை

துடைக்குமுன் படம் எடுங்கள். இதை மறந்தால் ஆதாரமும் சேர்ந்து அழிந்துவிடும்.

ஒரு சதுர மீற்றருக்குக் குறைவான இடம் என்றால் நீங்களே துடைக்கலாம். கையுறை, முகக்கவசம், கண்ணாடி போடுங்கள். யன்னலைத் திறந்து அறைக் கதவைச் சாத்துங்கள். பூஞ்சணம் கொல்லும் மருந்தைப் போத்தலில் எழுதியபடி பாவியுங்கள். காய்ந்த தூரிகையால் தேய்க்க வேண்டாம். விதைத்தூள் வீடெங்கும் பறக்கும். துடைத்த துணியைப் பையில் கட்டி எறியுங்கள். பிளீச்சோடு வினாகிரியையோ வேறு சுத்திகரிப்புத் திரவத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும். ஆஸ்துமா உள்ளவரும் கர்ப்பிணியும் இந்த வேலையில் இறங்கக்கூடாது. சாம்பிராணி போட்டால் மணம் மறையும், பூஞ்சணம் மறையாது. மூச்சுக்கஷ்டம் உள்ளவருக்கு அந்தப் புகை இன்னொரு சுமை. பூஞ்சணத்தின் மேல் பெயின்ற் அடிப்பதும் அப்படியே. சில வாரத்தில் வெளியே எட்டிப் பார்க்கும்.

உடம்பும் மனமும்

ஈரமான வீட்டில் ஆஸ்துமா கூடும். நெஞ்சுச்சளி, மூக்கடைப்பு விடாது. குளிரில் இரத்த அழுத்தம் ஏறும். வயதானவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்துக் கூடும். கைக்குழந்தை, ஆஸ்துமாக்காரர், முதியவர், நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவர் வீட்டில் இருந்தால் குடும்ப வைத்தியரிடம் வீட்டு நிலைமையையும் சொல்லுங்கள். அது மருத்துவக் குறிப்பில் பதியப்படட்டும்.

மருத்துவக் குறிப்பில் ஏறாதவையும் உண்டு. சூடாக்கிய ஒரே அறையில் தாத்தாவின் தொலைக்காட்சியும் பேத்தியின் வீட்டுப்பாடமும் மோதும். ஆட்கள் வந்தால் மணக்குமே என்று யாரையும் கூப்பிடாமல் விடுவோம். "வீட்டைத் துப்பரவா வைச்சிருக்கேல்லைப் போல" என்று யாரும் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் முறைப்பாட்டையே செய்யாமல் விடுவோம். பூஞ்சணம் அழுக்கில் முளைப்பதல்ல, ஈரத்தில் முளைப்பது. நாளுக்கு இரண்டு தரம் கூட்டும் வீட்டிலும் வரும்.

எழுதுங்கள், திகதி போடுங்கள்

2020 டிசம்பரில், ரொச்டேல் நகரின் ஒரு சமூக வீட்டில் (கவுன்சில், ஹவுசிங் அசோசியேஷன் வீடுகளுக்குப் பொதுப்பெயர்) வசித்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. பூஞ்சணத்தை நீண்டகாலம் சுவாசித்ததால் வந்த சுவாச நோயே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு சொன்னது. தந்தை 2017இலேயே முறையிட்டிருந்தார்; பெயின்ற் அடிக்கச் சொன்னார்கள். குடும்பத்தின் வாழ்க்கைமுறை பற்றித் தாங்களாக ஊகித்துக்கொண்டதை வீட்டு நிர்வாகம் பின்னர் ஒப்புக்கொண்டது.

அந்தக் குழந்தையின் பெயரில் வந்ததே அவாப் சட்டம். 2023இன் சமூக வீடமைப்பு ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் கீழ், 2025 ஒக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளில் நடைமுறையில் உள்ளது. அது தரும் காலக்கெடுக்கள்:

• அவசர ஆபத்து: 24 மணி நேரத்துக்குள் பார்த்துப் பாதுகாப்பாக்க வேண்டும்.
• கணிசமான ஈரம், பூஞ்சணம்: தெரியவந்து 10 வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும்.
• ஆராய்ந்து முடித்து 3 வேலை நாட்களுக்குள் முடிவை எழுத்தில் தர வேண்டும்.
• ஆபத்து உறுதியானால், ஆராய்ந்து முடித்து 5 வேலை நாட்களுக்குள் பாதுகாப்பு வேலை செய்ய வேண்டும்.
• உரிய காலத்தில் பாதுகாப்பாக்க முடியாவிட்டால் தங்குவதற்கு வேறு இடம் தர முன்வர வேண்டும்.

இந்த மணிக்கூடு ஓடத் தொடங்குவது வீட்டுக்காரருக்குத் தெரியவந்த நாளில். ஆகவே தொலைபேசியில் சொன்னாலும் அன்றே ஈமெயிலிலும் எழுதுங்கள். கடிதத்தில் ஐந்து விடயங்கள் இருக்கட்டும்:

1. எந்த அறை, எந்தச் சுவர், எவ்வளவு பெரிது, எப்போதிருந்து.
2. வீட்டில் யார் யார். யாருக்கு என்ன வயது, என்ன நோய்.
3. மானி காட்டிய அளவுகள், படங்கள், அலுமினியத் தாள் சோதனையின் முடிவு.
4. இதற்கு முன் எப்போது, யாரிடம் சொன்னீர்கள்.
5. அவாப் சட்டத்தின் கீழ் ஆராய்ந்து எழுத்தில் பதில் தரும்படி கோரிக்கை; முறைப்பாட்டு இலக்கம்.

ஆங்கிலம் சிரமம் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளையை நடுவில் நிறுத்தி, "அம்மா சமைக்கிறதாலதான் வருகுதாம்" என்று அதன் வாயால் கேட்க வேண்டிய நிலைக்குப் போகாதீர்கள். அப்படி யாரும் சொன்னால் பதில் இதுதான்: சமைப்பதும் குளிப்பதும் உடுப்புத் தோய்ப்பதும் எல்லா வீட்டிலும் நடப்பவை, அவற்றைத் தாங்கும்படி வீடு இருக்க வேண்டும். காரணம் குடியிருப்பவரின் வாழ்க்கைமுறை என்று ஆராயாமல் முடிவுகட்டக்கூடாது என்று அரசின் வழிகாட்டலே சொல்கிறது. வீட்டுக்காரர் மீதான முறைப்பாடுகளை ஆராயும் வீடமைப்பு ஒம்புட்ஸ்மனும் 2021 ஒக்டோபர் அறிக்கையில் அதையே சொன்னார்.

பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, 'முறைப்பாடு' என்று தலைப்பிட்டு மீண்டும் எழுதுங்கள். ஏற்றுக்கொண்டதாக 5 வேலை நாட்களில் தெரிவித்து, அதன்பின் 10 வேலை நாட்களில் முதற்கட்டப் பதில் தர வேண்டும். இரண்டாம் கட்டப் பதிலுக்கு 20 வேலை நாட்கள். அதற்கும் பிறகு ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை. கதவைத் தட்டி வந்து, "வழக்குப் போடுவோம், காசு வாங்கித் தருவோம்" என்று கையொப்பம் கேட்பவர்களிடம் அவசரப்பட்டு ஒப்பமிடாதீர்கள். முதலில் இலவசச் சட்ட ஆலோசனை நிலையம் ஒன்றில் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: கோபத்தில் வாடகையை நிறுத்துவது. பழுதை முறையிடுவது உங்களை வெளியேற்றக் காரணம் ஆகாது. வாடகை நிலுவை ஆகும்.

இந்தப் பக்கத்தை மூடிவிட்டு ஒரு ரோர்ச் லைற்றை எடுங்கள். ஒவ்வொரு அறையிலும் வெளிச்சுவரின் மூலை, யன்னல் ஓரம், அலுமாரியின் பின்பக்கம் பாருங்கள். கறுப்பு இருந்தால் படம் எடுங்கள். எடுத்த படத்தை இன்று இரவே அனுப்புங்கள். அனுப்பாத படத்துக்குக் காலக்கெடு இல்லை.